ரேஸ் பைக்கின் கால் எங்கள் மலைக்கு எதற்கு?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பாதி வாசித்துவிட்டு, "சேர்மார் பைக்குக்கு எதிரி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாங்களும் பைக்கில்தான் பாடசாலைக்குப் போகிறோம், மழையில் நனைகிறோம், தலாத்துஓயா பக்கம் இறங்கும்போது பஸ்ஸுக்கு ஒதுங்குகிறோம். அதனால்தான் எழுதுகிறோம்.

ஊரில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பல்ஸையோ, பழைய ஜெபலையோ, பாஜாவையோ கராஜில் நிறுத்துவது. முன் ஷொக் இரண்டையும் கழற்றுவது. அந்த இடத்தில் மோட்டோகுரொஸ் ரேஸ் பைக்கின் முன் ஷொக்கைப் பூட்டுவது. தலைகீழாக நிற்கும் அந்தத் தடித்த குழாய்களையும் தங்க நிறத்தையும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், மறுக்கவில்லை. பூட்டிய அன்றே வீடியோ, அடுத்த நாள் மாரஸ்ஸன வரை ஓர் ஓட்டம், அதற்கடுத்த நாள் இன்னொரு பொடியன் தன் உம்மாவிடம் காசு கேட்கிறான்.

நாங்கள் சொல்வது இதுதான்: இப்போது இங்கே செய்யப்படும் விதத்தில் இந்த வேலை பைக்கைக் கெடுக்கிறது, காசைக் கரைக்கிறது, ஒருநாள் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்விடும். அப்படி நடந்த பிறகு ஜனாஸாவில் தோள் கொடுத்துவிட்டு "கத்ர்" என்று சொல்லிக் கலைந்து போக நாங்கள் தயாராக இல்லை.

முதலில் பொடியன்மார் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். ஏனென்றால் அதைச் சொல்லாமல் ஏசுகிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பதினெட்டு, இருபது வயதைத் தொட்ட பிள்ளைகளுக்குப் புது பைக் என்பது கனவு. இருந்த பழைய ட்ரெயில் பைக்கின் விலையோ கேட்டால் தலை சுற்றும். வாங்க முடியாதவன் இருப்பதைத் திருத்தினான். இருப்பதைத் திருத்தியவன் கை பழகினான். கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினான், கிளச் பிளேட் மாற்றினான், யாரும் படிப்பிக்காமல் வயரிங் கற்றுக்கொண்டான். வகுப்பில் விசையின் திருப்பத்தை நாங்கள் மூன்று பாடவேளை விளங்கப்படுத்தியும் விளங்காத பிள்ளை, நீளமான ஸ்பானர் ஏன் இலகுவாகக் கழற்றுகிறது என்று கராஜில் ஒரு நிமிடத்தில் எங்களுக்கே சொல்லித் தந்தான். இந்த அறிவைக் கொச்சைப்படுத்துகிற யாருடனும் நாங்கள் சேர மாட்டோம்.

அந்த பைக்குகளின் பயனும் எங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கும் மேல் டிவிஷன் லயன்களுக்கும் போகும் பாதை பலது வீதி என்ற பெயருக்கே தகுதியில்லாதது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு வீதிகளைத் துண்டித்தபோது லொறி போகாத இடத்துக்கு மருந்தையும் பால்மாவையும் முதுகுப்பையில் கட்டிக்கொண்டு போனது யார்? "ரோட்டுல சும்மா சுத்துறானுகள்" என்று நாங்கள் திட்டுகிற அதே பொடியன்மார்தான். அன்று அவர்களுக்கு ஸலாம் சொன்ன வாய் இன்று அவர்களைப் பொறுக்கி என்று சொல்லக் கூடாது.

ஆக, ட்ரெயில் பைக் வேண்டாம் என்பதல்ல எங்கள் பேச்சு. நல்ல பைக்கில் தவறான காலைப் பூட்டாதே என்பதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். மோட்டோகுரொஸ் பைக் எதற்காகச் செய்யப்பட்டது? மண் மேட்டில் ஏறி, ஆகாயத்தில் பறந்து, மீண்டும் மண்ணில் விழுவதற்கு. ஹோண்டாவின் சிஆர்எஃப் 450ஆர் போன்ற ஒன்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ. லைட் இல்லை, சிக்னல் இல்லை, பின்னால் ஆள் இருக்க இடமில்லை, பெட்டி கட்ட இடமில்லை. அதன் முன் ஷொக் 300 மிமீ அளவுக்கு அமுங்கி எழும்பும். குழாயின் விட்டம் 49 மிமீ. எங்கள் ஊரில் ஓடும் எக்ஸ்பல்ஸ் 200ஐ எடுங்கள்: பைக் மட்டும் 150 கிலோவுக்கு மேல், முன் குழாய் 37 மிமீ, அமுங்கும் தூரம் 190 மிமீ. அதில் எண்பது கிலோ ஆள், பின்னால் தங்கச்சி, டாங்கியின் மேல் ஒரு பை அரிசி.

"அப்ப சேர், பெரிய குழாய் பலம்தானே, நல்லதுதானே?" என்று கேட்பார்கள். பலம்தான். யார் இல்லை என்றது? ஆனால் ஷொக் என்பது பலத்துக்காக மட்டும் இருக்கும் தூண் அல்லவே. உள்ளே இருக்கிற ஸ்பிரிங், எண்ணெய், அந்த எண்ணெய் போகும் துவாரங்களை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள், இவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் அளந்து வைக்கப்பட்டவை. ஆறடி உயரத்திலிருந்து விழும் அடியை வாங்குவதற்காக அமைத்த தகடு, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வருகிற சின்னச் சின்னக் குழிக்குத் திறக்காது. அந்த அடி கைக்கு வரும், மணிக்கட்டுக்கு வரும், அங்கிருந்து பைக்கின் தலைக்குழாய்க்குப் போகும். ஹேவாஹெட்ட வீதியில் நாங்கள் பறந்து விழுவதில்லை. குழியில் இறங்கி ஏறுகிறோம், மழைத்தண்ணீர் அரித்த ஓரத்தில் தடுமாறுகிறோம், தேயிலைக் கொழுந்து லொறிக்கு வழிவிடக் கல்லில் ஏறுகிறோம். எங்களுக்குத் தேவை சின்ன அடியை விழுங்கும் ஷொக்.

அடுத்தது உயரம். இதைத்தான் யாரும் அளப்பதில்லை. 190 மிமீ அமுங்கும் ஷொக்கைக் கழற்றிவிட்டு 300 மிமீ அமுங்கும் ஷொக்கைப் பூட்டினால் பைக்கின் மூஞ்சி மேலே போகும். குழாயை கிளாம்பில் கொஞ்சம் மேலே தள்ளிச் சமாளித்தாலும், உள்ளே ஸ்பிரிங் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினாலும், 60 மிமீ உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பல்ஸின் இரண்டு சில்லுக்கும் இடைத்தூரம் 1410 மிமீ. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்வான்: முழு பைக்கும் கிட்டத்தட்ட இரண்டரைப் பாகை பின்னால் சாய்ந்துவிட்டது. சீட் உயர்ந்துவிட்டது. முன் சில்லில் இருந்த பாரத்தில் ஒரு பங்கு பின்னால் போய்விட்டது.

இரண்டரைப் பாகை என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். ஹேண்டிலின் அச்சை நிலம் வரை ஒரு கோடாக நீட்டுங்கள். அது நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் டயர் நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. பைக் நேராகப் போவதும் வளைவதும் அந்தத் தூரத்தின் கையில்தான். 21 அங்குல முன் சில்லு, 27 பாகை சாய்வு, அச்சிலிருந்து 50 மிமீ முன்தள்ளல் என்று ஓர் உதாரணக் கணக்குப் போட்டால் அந்தத் தூரம் 120 மிமீ அளவில் வரும். சாய்வை 29.5 ஆக்குங்கள், அது 138க்குப் போகிறது. நேர் வீதியில் பைக் கல்லுப் போல நிற்கும். அதைத்தான் பொடியன்மார் முதல் நாளே உணர்ந்து "சேர், சும்மா ட்ரெயின் மாதிரிப் போகுது" என்கிறார்கள். உண்மைதான். ட்ரெயின் மாதிரித்தான் போகும். ட்ரெயின் எங்கே வளைகிறது?

எங்கள் வீதியில் நேராக எவ்வளவு தூரம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மெதுவான வேகத்தில் ஹேண்டிலை முழுதாகத் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் இந்த பைக் சொன்ன சொல் கேட்காது. கூடுதல் தூரத்தால் ஹேண்டில் உள்ளே விழப் பார்க்கும், முன் சில்லில் பாரம் குறைந்ததால் ஈரத் தாரில் பிடிமானமும் குறையும். அதோடு முடியவில்லை. தலைகீழ் ஷொக்கின் மேல் குழாய் தடிப்பானது. திருப்பும்போது அது டாங்கியில் இடிக்கும். இடிக்காமலிருக்க கராஜில் என்ன செய்கிறார்கள்? திருப்பத்தைக் குறைக்கத் தடுப்பை வெல்ட் பண்ணிக் கூட்டுகிறார்கள். அதாவது மலைப்பாதையில் அதிகம் திரும்ப வேண்டிய பைக்குக்குத் திரும்பும் அளவைக் குறைக்கிறார்கள். எதிரே கண்டி பஸ் அகலமாக வளைவை எடுத்து வரும்போது, காலும் நிலத்தில் எட்டாமல், ஹேண்டிலும் திரும்பாமல், பின்னால் மனைவியும் பிள்ளையும் இருக்கும் ஒருவன் என்ன செய்வான்? கழுகைப் போலப் பறப்பானா?

ஹீரோ கம்பனியே எக்ஸ்பல்ஸுக்கு ரேலி வகை ஒன்று செய்தது. முன்னால் 250 மிமீ. ஆனால் அவர்கள் முன்னால் மட்டும் உயர்த்திவிட்டுக் கையைக் கழுவவில்லை. பின் ஷொக்கையும் 220க்குக் கூட்டினார்கள். முன்னும் பின்னும் சேர்த்து உயர்த்தினார்கள். அதுவும் அதே 37 மிமீ குழாயில். பைக்கைச் செய்தவனே இரண்டு பக்கத்தையும் சேர்த்து யோசித்திருக்கும்போது, எங்கள் ஊரில் முன்னால் மட்டும் உயர்த்திவிட்டு "ரேலி லெவல்" என்கிறோம்.

இப்போது பிரேக். எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மோட்டோகுரொஸ் ஷொக்கின் அடியில் எக்சல் தடிப்பு வேறு, சில்லின் நடுப்பகுதி வேறு, டிஸ்க் அளவு வேறு, கலிப்பர் பூட்டும் காது வேறு இடத்தில். ரேஸ் பைக்கின் சில்லு, எக்சல், டிஸ்க், கலிப்பர், கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரே பைக்கிலிருந்து முழு செட்டாக வாங்கினால் இது ஒரு வேலை. குழாய் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து மிச்சத்தை இங்கே "சரிக்கட்டினால்" அது வேறு வேலை. சரிக்கட்டுவது என்றால் என்ன? கலிப்பருக்கு இரும்புத் தகட்டை வெட்டி, கிரைண்டரில் உரசி, துளை போட்டு ஒரு காது செய்வது. எக்சலுக்குப் புஷ் கடைந்து நுழைப்பது. அலுமினியக் கிளாம்பின் நடுத்தண்டை அடித்துக் கழற்றி, வேறு தண்டை அடித்து ஏற்றி, ஆடுகிறது என்று அதன் மேல் ஒரு வெல்டிங் பொட்டு. அந்தக் கிளாம்பின் உலோகம் சூட்டில் பதம் கெடும் என்பதை வெல்ட் அடிக்கிற தம்பிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பைக்கின் முழு முன்பகுதியும் தொங்குவது அந்த ஒரு தண்டில்.

சில மாதங்களுக்கு முன் எங்களிடம் படித்த ஒருவனுக்கு, பெயர் வேண்டாம், இறக்கத்தில் அந்தக் கையால் செய்த காது முறிந்தது. கலிப்பர் சுழன்று கம்பிகளுக்குள் போய்ச் சில்லைப் பிடித்தது. அவன் ஹேண்டிலுக்கு மேலால் போய் ஓரத்துத் தேயிலைச் செடிக்குள் விழுந்தான். அல்ஹம்துலில்லாஹ், மணிக்கட்டோடு போயிற்று. அந்த இடத்தில் செடி இருந்தது. அடுத்த வளைவில் செடி இல்லை, நாற்பது அடிப் பள்ளம்தான். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனவர்களில் இருவர் கேட்ட முதல் கேள்வி "ஷொக்குக்கு ஒன்றுமில்லையே?" என்பது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள். ரேஸ் பைக்கின் முன் பிரேக் பிடியில் பிரேக் லைட்டுக்கான சுவிட்ச் கிடையாது, ரேஸ் பைக்குக்கு எதற்கு லைட்? பிடியையும் சேர்த்து மாற்றினால் முன் பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு எரியாது. பனி இறங்கிய மாலையில் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் நிற்பது தெரியாது. ஏபிஎஸ் சென்சருக்கு இடமில்லை, ஆகவே ஏபிஎஸ்ஸும் போயிற்று. இலட்சக்கணக்கில் கொடுத்து ஏபிஎஸ் உள்ள பைக் வாங்கிக் கொடுத்த வாப்பாவுக்கு இது தெரியுமா?

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல். ரேஸ் பைக்கின் சேவைப் புத்தகத்தில் முன் ஷொக்கின் எண்ணெய் மாற்றும் காலத்தை ஓடிய மணித்தியாலத்திலும் ரேஸ் எண்ணிக்கையிலும் எழுதியிருப்பார்கள், கிலோமீற்றரில் அல்ல. தினமும் கண்டிக்குப் போய் வருகிறவன் ஒரு மாதத்தில் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொரு சூது: 2013 தொடக்கம் 2016 வரை வந்த சிஆர்எஃப் 450ஆரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் முன் ஷொக் இருந்தது. 2017இல் ஹோண்டா அதைக் கைவிட்டு மீண்டும் ஸ்பிரிங்குக்கே போனது. அப்படிப்பட்ட காற்று ஷொக் பழைய சாமானாக மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். சீல் ஒன்று கசிந்தால் முன்பக்கம் உட்கார்ந்துவிடும். பஞ்சிகாவத்தையில் சாமான் பார்க்கிறவர்கள் ஸ்பிரிங்கா காற்றா என்றுகூடக் கேட்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கி வருகிறார்கள்.

"வெளிநாட்டில் எல்லாரும் செய்கிறார்களே?" செய்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் முழுதாகப் பாருங்கள். தலைக்குழாய் பெயாரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம் அளந்து, தண்டைப் புதிதாகக் கடைந்து, பிரஸ்ஸில் ஏற்றுகிறார்கள். ஷொக்கைத் திறந்து உள்ளே ஸ்பேசர் போட்டு அமுங்கும் தூரத்தைக் குறைக்கிறார்கள். பைக்கின் எடைக்குப் பொருந்தும் ஸ்பிரிங் மாற்றுகிறார்கள், தகடுகளை மாற்றி அடுக்குகிறார்கள். பின் ஷொக்கையும் அதற்கேற்பத் திருத்துகிறார்கள். அதன் பிறகு மூடிய மைதானத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்படி ஒருவர் இந்த ஊரில் செய்தால் முதல் ஆளாக நாங்கள் போய்ப் பார்ப்போம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். அது ஒரு பெரிய கல்வி. இங்கே வீடியோவின் கடைசி இரண்டு நிமிடத்தை, பறக்கிற காட்சியை, மட்டும் பார்த்துவிட்டுச் செய்கிறோம்.

ரேஸுக்கு ஓர் இடம் இருக்கிறது. சாலியபுரவில் கஜபா சுப்பர் குரொஸ் நடக்கிறது, தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் ஓடுபாதை இருக்கிறது. அங்கே ஓடுபாதை வேறு, பார்வையாளர் வேறு, அம்புலன்ஸ் தயார். அப்படியிருந்தும் 2024 ஏப்ரல் 21இல் ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்து 7 பேர் மரணித்தார்கள். அதில் ஒன்று 8 வயதுப் பிள்ளை. இராணுவம் நடத்திய மைதானத்திலேயே அப்படி என்றால், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், நடுவில் வெள்ளைச் சீருடையில் எங்கள் பிள்ளைகள் நடந்து போகும் வீதியை மைதானமாக்குவதைப் பற்றி என்ன சொல்வது?

சட்டத்தைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை, ஏனென்றால் பொலிஸுக்குப் பயந்து செய்கிற ஒழுங்கு பொலிஸ் போனதும் போய்விடும். ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். பைக்கின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பொலிஸார் வீதியில் நிறுத்திச் சோதித்தபோது பஸ்காரர்களும் த்ரீவீல்காரர்களும் போட்ட சத்தம் ஞாபகமிருக்கும். அது மேலே ஒட்டிய லைட்டுக்கும் அலங்காரத்துக்கும். இது பைக்கின் உயிர் உறுப்பு. விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் பார்ப்பது, நீங்கள் அறிவிக்காமல் என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்றுதான். நஷ்டஈடு உங்களுக்கு மட்டும் போனால் பரவாயில்லை. நீங்கள் மோதிய அந்தத் தோட்டத்து அம்மாவின் குடும்பத்துக்கு யார் கொடுப்பது?

இனிப் பெரியவர்களுக்கு.

"பைக்கை வித்துப்போடச் சொல்லுங்க", "ஃபஜ்ருக்கு எழும்பாதவன் பைக் துடைக்க எழும்புறான்", இந்தப் பேச்சு போதும் ஹாஜியார்மாரே. இரண்டாவது பேச்சில் உண்மை இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது, ஆனால் அது பிரேக் காதைப் பலப்படுத்தாது. அந்த ஷொக்குக்குக் காசு எங்கிருந்து வந்தது? கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வாப்பாமார் அனுப்பிய காசு. "மகன் கேட்டான், அனுப்பினேன்." எதற்கு என்று கேட்கவில்லை. தூரத்தில் இருக்கும் பாசத்துக்கு வேறு வழியில்லை என்பது விளங்குகிறது. ஆனால் அதே மகன் மோட்டார் மெக்கானிக் என்விகியூ படிக்கப் போகிறேன் என்றபோது "எஞ்சினியர் ஆகுவாய் என்று நினைத்தேன், கராஜ் பொடியன் ஆகப் போகிறாயா?" என்று போனில் ஏசியதும் நீங்கள்தான். ஷொக்குக்கு இலட்சம் கொடுக்கும் ஊர், அந்த ஷொக்கைத் திறக்கப் படிப்பதற்குப் பத்தாயிரம் கொடுக்கத் தயங்குகிறது. இதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்திலும் கேள்வி இருக்கிறது, ஆசிரியர்கள் என்ற வகையில். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை 2013இல் வந்தது. இன்னும் அதை "மற்றதற்குப் போக முடியாதவன் போகும் இடம்" என்று பெற்றோரும் சொல்கிறார்கள், எங்கள் சக ஆசிரியர்களில் சிலரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு மைக்ரோமீற்றரைக் கையில் கொடுத்து ஒரு பெயாரிங்கை அளக்கச் சொன்னால் தெரியும்.

பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எங்கள் எதிரியல்ல. இந்த மலையில் வாகனம் ஓடுவது உங்கள் கையால். ஆனால் வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக எல்லாவற்றையும் வெல்ட் பண்ணுவது தொழில் அல்ல. "இது என்னால் முடியாது, இது பிழை" என்று சொல்கிற பாஸிடம்தான் நாங்கள் எங்கள் பைக்கைக் கொடுப்போம். அப்படிச் சொன்ன ஒருவர் ஊரில் இருக்கிறார். அவர் வேலை வேண்டாம் என்றதால் பொடியன்மார் அவரைக் கிண்டல் பண்ணி வேறு இடத்துக்குப் போனார்கள். மணிக்கட்டு முறிந்தவனின் பைக் இப்போது திரும்பவும் அவரிடம்தான் நிற்கிறது, பழைய ஷொக்கைத் தேடிக்கொண்டு. பழைய ஷொக்கை அவன் ஏற்கெனவே விற்றுவிட்டான்.

சரி, முன்பக்கம் மெத்தென்று குத்துகிறது, குழியில் அடிக்கிறது, என்னதான் செய்வது? நியாயமான கேள்வி. தொழிற்சாலை ஷொக் எல்லாருக்கும் பொருந்தும்படி மென்மையாகச் செய்யப்பட்டது, பாரம் ஏற்றினால் கீழே முட்டும், உண்மை. ஆனால் இதற்கு மருந்து மிக மலிவு.

முன் ஷொக் குழாயில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டுங்கள். சில்லு தரையில் படாமல் பைக்கைத் தூக்கி, ஷொக் முழுதாக நீண்டிருக்கும் நிலையில் டையைச் சீல் வரை தள்ளுங்கள். மெதுவாக இறக்கி, வழமையாக ஏற்றும் பாரத்தோடு ஏறி உட்காருங்கள், பிரேக் பிடிக்காமல். இறங்கி டை எவ்வளவு நகர்ந்தது என்று அளவுங்கள். அமுங்கும் முழுத் தூரத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட வர வேண்டும். 190 மிமீ என்றால் 60, 65. தொண்ணூறு வந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. கொஞ்சம்தான் கூட என்றால் மூடிக்குக் கீழே ஸ்பேசர் போடலாம், நல்ல பாஸ் அளந்து பைப் வெட்டித் தருவார். நிறையக் கூட என்றால் பலமான ஸ்பிரிங் செட் வாங்குங்கள், முழு ஷொக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். பிறகு எண்ணெய். இந்த ஊரில் ஓடும் பைக்குகளில் வாங்கிய நாளிலிருந்து முன் ஷொக் எண்ணெய் மாற்றாதவை எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், அழுகை வரும். கறுத்துத் தண்ணீராகிவிட்ட எண்ணெயில் எந்த ஷொக்கும் வேலை செய்யாது. இரண்டு குழாயிலும் ஒரே மட்டத்துக்குப் புது எண்ணெய் விட்டாலே பாதிப் பேர் "சேர், புது பைக் மாதிரி" என்பார்கள். ஒயில் சீல், தலை பெயாரிங், டயர் காற்று, இவற்றைப் பார்க்காமல் ஷொக்கைக் குறை சொல்வது பாடம் படிக்காமல் வினாத்தாளைக் குறை சொல்வது மாதிரி.

இதெல்லாம் செய்தும் போதவில்லை, மைதானத்தில்தான் ஓட்டப் போகிறோம் என்கிறவர்கள் அதற்கென்று பைக் எடுங்கள். சேர்ந்து எடுங்கள், நாலு பேர் ஒன்று. வீதி பைக் வீதி பைக்காக இருக்கட்டும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களிடம் ஒன்று கேட்கிறோம். வெட்கப்பட வேண்டாம், யாரும் ஏச மாட்டோம். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை விளையாட்டுத் திடலின் கீழ்ப்பக்கம் பைக்கைக் கொண்டுவாருங்கள். வேலை வேண்டாம் என்று சொன்ன அந்த பாஸ் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். கலிப்பர் காது, எக்சல், கிளாம்ப் தண்டு, திரும்பும் அளவு, இந்த நாலையும் பார்ப்போம். ஷொக் மாற்றாதவர்களும் வாருங்கள், டை கட்டி அளந்து பார்ப்போம். அளவு நாடா எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் ஒன்று கொண்டுவாருங்கள். மழை பெய்தால் அடுத்த சனி.

காட்டும்வரை, காது கையால் செய்ததென்று தெரிந்தவர்கள் பின்னால் யாரையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகாதீர்கள்.